மேம்பாலத்து விசில்

1. மாமா ஓட்டிக்கொண்டிருந்த டிரெய்லர் லாரி சில வாரங்களாகக் கறுப்புப் புகை விட்டது.

2. கன்டெய்னர் ஏற்றினால் இழுக்கவில்லை. மேம்பாலம் ஏறும்போது பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்துத் தீர்த்தன.

3. நான் வேலை பார்த்த திருவொற்றியூர்ப் பட்டறைக்கு அதைக் கொண்டுவந்தார். நின்ற நிலையில் எல்லாவற்றையும் சோதித்தேன். குறை எதுவும் பிடிபடவில்லை.

4. சுமையோடு ஒரு நடை அவருடன் நானும் போனேன்.

5. மேம்பாலத்தின் ஏற்றத்தில் எஞ்சின் பக்கமிருந்து ஒரு விசில் கிளம்பியது. காதைப் பொத்திக்கொள்ள வேண்டிய அளவுக்கு.

6. மாமா என் பக்கம் திரும்பி, "பாத்தியா கண்ணு, ஒரு சவுண்டும் இல்ல. பிக்கப்பு மட்டும்தான் இல்ல" என்றார்.

எதையும் இப்படி வரிசைப்படுத்தி எழுதினால்தான் எனக்குப் பிடிபடும். ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம். பழுது பார்ப்பதே ஒரு வரிசைதான். இது இல்லை, அடுத்தது இல்லை, அதற்கடுத்ததும் இல்லை என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது பழுது. ஆனால் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே இருந்த அந்தச் சில நொடிகளை மட்டும் என்னால் எந்த எண்ணுக்குக் கீழும் எழுத முடிந்ததில்லை. வருடங்கள் சில ஆகியும், மூடுபனிக்குள் நிற்கும் வண்டியைப்போல, விளக்கு மட்டும் தெரிய, அவை அப்படியே நின்றுகொண்டிருக்கின்றன.

மாமா என் அம்மாவின் தம்பி. இராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்புறச் சந்தில் அவருடைய வீடு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து துறைமுக வண்டிதான் ஓட்டினார். வண்டி அவருடையதில்லை, மணலிப் பக்கம் யார்டு வைத்திருந்த ஒரு முதலாளியுடையது. பழைய வண்டி, கணினி எதுவும் இல்லாதது. முதலாளி பல தடவை அதை விற்றுவிடப் பார்த்தார். மாமா ஒவ்வொரு தடவையும், "நான் இருக்கற வரைக்கும் இது இருக்கட்டும் சார்" என்று சொல்லித் தடுத்துவிட்டார்.

அவர் வண்டிக்குள் செருப்புப் போடமாட்டார். ஏறுவதற்கு முன் கழற்றி, இரண்டையும் சேர்த்துத் தட்டி, சீட்டுக்குக் கீழே தள்ளிவிட்டுத்தான் படியில் கால் வைப்பார். வெயிலில் தகிக்கும் இரும்புத் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்து எண்ணூர்வரை போய்வருவார். வேளாங்கண்ணி மாதாவுக்கு ஏதோ வேண்டிக்கொண்டிருக்கிறார் என்று அம்மா சொன்னாள். குழந்தை வரம் கேட்டிருப்பார் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். வேண்டுதலைத் தோண்டித் துருவிக் கேட்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. மாமாவும் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முதல் வரிசை பெஞ்சில் போய் உட்கார்ந்து, சாமியார் பிரசங்கம் முடிக்கும்வரை அவர் முகத்தைவிட்டுக் கண் எடுக்காமல் பார்ப்பார். "உன் மாமனுக்கு வயசாக ஆக பக்தி முத்திகினு போவுது" என்று அவர் மனைவி, என் அத்தை, சொல்வாள். பெருமையும் எரிச்சலும் பாதிப்பாதி. ஏனென்றால் பூசையில் அப்படிக் கேட்கும் மனிதர் வீட்டில் அவள் கூப்பிட்டால் திரும்புவதில்லை. அடுப்படியிலிருந்து அவள் பேசிக்கொண்டே இருப்பாள். அவர் வாசல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். "கல்லு கணக்கா உக்காந்துகினு கீது பாரு அந்த ஆளு" என்று என்னிடம் முறையிடுவாள். நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். நீண்ட நாள் கல்யாணங்கள் இப்படித்தான் ஆகும்போல என்று அந்த வயதில் நினைத்தேன்.

எங்கள் பக்கத்துப் புகைக்கு நிறங்கள் உண்டு. எண்ணூரின் உயரமான புகைபோக்கிகளிலிருந்து வருவது வெள்ளை. விடியற்காலையில் அது மேகத்தோடு சேர்ந்துவிடும், எது எதுவென்று பிரித்துச் சொல்ல முடியாது. காற்று மேற்கிலிருந்து திரும்பும் நாட்களில் கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் பழுப்பு வந்து துணிகளில் உட்காரும். வண்டிப் புகையைப் படிக்க நான் பிறகுதான் கற்றேன். வெள்ளை என்றால் டீசல் எரியாமலே வெளியேறுகிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் காற்று போதவில்லை. டீசல் இருக்கிறது, நெருப்பு இருக்கிறது, மூச்சு மட்டும் இல்லை. பெரிய எஞ்சின்களுக்குத் தானாக இழுக்கும் மூச்சு போதாது என்றுதான் டர்போ வைத்திருக்கிறார்கள். வெளியேறும் புகையின் வேகத்திலேயே ஒரு சிறு சக்கரம் சுழன்று, வெளிக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். அப்படித் தள்ளப்படும் காற்றின் அழுத்தத்தைப் பூஸ்ட் என்போம். அது குறைந்தால் வண்டிக்கு மூச்சிரைக்கும், இழுவை போகும், வால்போலக் கறுப்புப் புகை நீளும். மாமாவின் வண்டிக்கு இருந்தது அதுதான். ஏன் குறைந்தது என்பதுதான் தெரியவில்லை.

அவர் வண்டியைக் கொண்டுவந்த நாளில் பட்டறையே இருண்டுபோனது. போர்மேன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னா மாமு, எண்ணூர்ல கீற சிம்னி பத்தாதுன்னு நீ வேற ஒன்னு இட்டாந்துட்டியா?"

எல்லாரும் சிரித்தார்கள். வெல்டிங் பார்த்துக்கொண்டிருந்தவர்கூடக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சிரித்தார். மாமா எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, கடைசியாக, அவரும் சிரித்தார்.

"வண்டி சவுண்டு எதுனா குடுக்குதா மாமு?" என்று போர்மேன் அவருக்கு நேரே வந்து கேட்டார்.

"சேச்சே. வண்டி கம்முனு கீது. இழுக்கத்தான் மாட்டேங்குது."

நான் என் வரிசையைத் தொடங்கினேன். ஏர் ஃபில்டரைக் கழற்றினேன். துறைமுகச் சாலையில் ஓடும் வண்டிகளுக்கு நிலக்கரித் தூசியே பாதி உணவு. ஆனாலும் அது புதிதாக மாற்றப்பட்டுச் சுத்தமாகத்தான் இருந்தது. டர்போவின் சக்கரத்தை விரலால் சுழற்றிப் பார்த்தேன், ஆட்டமில்லை, உரசலில்லை. டீசல் தூவும் நாசில்களைக் கழற்றிச் சோதனைக்கு வைத்தோம். தூறல் சீராக விழுந்தது. டீசல் பம்பின் நேரம் சரி. புகைக்குழாய் அடைப்பில்லை. டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்களை, எஞ்சினை ஓடவிட்டுக் கையால் தடவிப் பார்த்தேன். எங்கும் காற்று கசியவில்லை. நின்றபடி ஓடும் எஞ்சினில் பூஸ்ட் அநேகமாக இராது. அழுத்தம் வந்தால்தான் தெரியும் பழுது என்றால் சுமையேற்றி, ஏற்றத்தில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும். அதனால் அழுத்தமானி ஒன்றை நீளக் குழாய் கொண்டு எஞ்சினோடு இணைத்து, அதைக் கேபினுக்குள் கொண்டுவந்து, மடியில் வைத்துக்கொண்டு நானும் ஏறினேன். எண்ணூரில் கன்டெய்னர் ஏற்றி, முதலாளியின் யார்டில் இறக்கிவிட்டு, நேரே பட்டறைக்குத் திரும்புவதாக ஏற்பாடு.

எண்ணூரில் வரிசை நகரவே இல்லை. கண்ணுக்கு எட்டியவரை லாரிகள், எஞ்சினை அணைக்காமல், ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக்கொண்டு. அந்த இரைச்சலில் யாரும் யாருடனும் பேச முடியாது. ஆனாலும் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கேபினிலிருந்து அந்தக் கேபினுக்கு, கண்ணாடி வழியாக, கையாலும் உதட்டாலும். கட்டைவிரலை வாயருகே சாய்த்தால் டீ. மணிக்கட்டைத் தட்டி உதட்டைப் பிதுக்கினால், இன்னும் எவ்வளவு நேரமோ. ஒரு ஓட்டுநர் என்னைக் காட்டி மாமாவிடம் புருவத்தை உயர்த்தினார். மாமா ஸ்பானர் முடுக்குவதுபோலக் காட்டி, நெஞ்சைத் தொட்டு, தன் உயரத்துக்குக் கீழே ஒரு குழந்தையின் உயரத்தைக் காட்டினார். என் அக்கா மகள், மெக்கானிக், நான் தூக்கி வளர்த்தது. அந்த ஆள் எனக்குச் சலாம் வைத்தார். ஒரு வார்த்தை இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் மீன்கள் வாயசைப்பதுபோல அந்தச் சாலை முழுக்க உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. வேடிக்கையாக இருந்தது எனக்கு. மாமா இவ்வளவு கலகலப்பாக இருந்து நான் வீட்டில் பார்த்ததே இல்லை.

மதியம் தாண்டி கன்டெய்னர் ஏறியது. கடலோரச் சாலையிலேயே வந்து, ரயில் பாதைக்கு மேலே போகும் மேம்பாலத்தில் ஏறினோம்.

அந்த ஏற்றம் எனக்குக் கனவாகத்தான் நினைவு வருகிறது. கனவில்போலவே எல்லாம் மெதுவாக நடக்கிறது. மாமா கியரைக் குறைக்கிறார். கண்ணாடியில் கறுப்புத் துணி ஒன்றை யாரோ சுருள் பிரிப்பதுபோலப் புகை விரிகிறது. என் மடியில் அழுத்தமானியின் முள் எழுகிறது. போக வேண்டிய தூரத்தில் பாதிகூடப் போகாமல் நடுங்கி நிற்கிறது. அப்போது அந்த விசில். முதலில் மெலிதாக, பிறகு பிரஷர் குக்கர்போல, பிறகு அதையெல்லாம் தாண்டி, இரும்பைக் கண்ணாடியில் தேய்ப்பதுபோல ஒரே கூவல். பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் படுத்திருந்த நாய் எழுந்து நின்றது. ஸ்கூட்டரில் போன பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். தூரத்தில் கழிமுகத்து நீர் வெள்ளித்தகடாகக் கிடந்தது. மாமாவின் முகம் அந்த நீரைப்போலவே இருந்தது, ஒரு சுருக்கமும் இல்லாமல்.

கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டார்போல என்று முதலில் நினைத்தேன். முள்ளைவிட்டுக் கண் எடுக்காமல், "மாமா, இது எப்போலருந்து கத்துது?" என்றேன். பதில் இல்லை. உரக்கக் கேட்டேன். பதில் இல்லை. குனிந்திருந்ததால் அவருடைய பாதம் எனக்குத் தெரிந்தது. குதிகால் தரையில் அழுந்தி, விரல்கள் ஐந்தும் அகல விரிந்து, பல்லி சுவரைப் பிடித்திருப்பதுபோல அந்த இரும்புத் தகட்டைப் பிடித்திருந்தன. எஞ்சினின் ஒவ்வொரு அதிர்வுக்கும் அந்த விரல்கள் லேசாக அசைந்தன. நடுப்பாலத்தில் ஒரு அதிர்வு மாறியது; மாமா உடனே கியரை மாற்றினார். அப்போதுதான் என் பக்கம் திரும்பி, ஒரு சவுண்டும் இல்லை என்று அவர் சொன்னது.

வேண்டுதல் எதுவும் இல்லை என்று எனக்குப் புரிந்தது. மாமா வண்டியைக் காலால் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாலம் இறங்கி, சாலையோர டீக்கடைப் பக்கம் ஓரங்கட்டச் சொல்லிக் கையைக் காட்டினேன். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்ததில் பழுது அகப்பட்டது. அமுக்கிய காற்றைக் குளிரூட்டியிலிருந்து எஞ்சினுக்குள் கொண்டுபோகும் ரப்பர்க் குழாய், அதை இறுக்கும் கிளாம்ப்புக்கு ஒட்டினாற்போல, அடிப்பக்கத்தில், உதடு மாதிரி பிளந்திருந்தது. அழுத்தம் இல்லாதபோது மூடிக்கொள்ளும். அழுத்தம் வந்தால் திறந்து, உள்ளே போக வேண்டிய காற்றையெல்லாம் விசிலாக ஊதி வெளியே விட்டுவிடும். புகையும் அதனால்தான், இழுவை இல்லாததும் அதனால்தான். சிறிய பழுது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

மாமா டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நேரே போய் நின்றேன். என் குரலை முழுவதுமாக அடக்கிவிட்டு, உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டேன்: மாமா, டீயா, காப்பியா?

"டீதான் கண்ணு. சக்கர கம்மியா போட சொல்லு."

டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். "இன்னாமா இது, நீ ஒன்னியும் கேக்கவே இல்ல, அவுரு பதில் சொல்றாரு?"

மாமா அவருடைய உதட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போவதை முதல்முறையாக ஒரு முகத்தில் பார்த்தேன். டீ வந்தது. இருவரும் கடல் தெரியும் பக்கமாகப் போய்க் கருங்கல் மேல் உட்கார்ந்தோம். அவர் என் முகம் தெரியும்படி சற்றுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். எத்தனையோ தடவை அவர் அப்படி உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பாசம் என்றே நினைத்திருந்தேன். பாசமும்தான்.

"எப்போலருந்து மாமா?"

"அது எப்போ போச்சுன்னு எனக்கே தெர்லமா. ஒரே நாள்லயா போச்சு? மொதல்ல கோயில்ல பூசைக்கு அடிக்கற சின்ன மணி போச்சு. அப்பால கொசு. இன்னா, இந்த வருசம் கொசுவே இல்லன்னு குஷியா படுத்துகினேன். காலைல பாத்தா கை முழுக்க கடிச்சு வச்சிருக்கு." தானே சிரித்தார். "பெரிய சவுண்டு தெரியும். இடி தெரியும். கப்பல் ஊதுனா நெஞ்சாண்ட வந்து நிக்கும். மெல்லிசா வர்றதெல்லாம் பூட்ச்சு."

வருடக்கணக்காக எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த காதுகளில் எவ்வளவு உரக்க இருந்தாலும் கீச்சென்ற உயர்சுருதி ஒலிகள்தான் முதலில் போகும் என்று பின்னால் காது மருத்துவர் எனக்கு விளக்கினார். அந்த வண்டியின் பழுதும் அந்த உயர்சுருதியில்தான் கத்திக்கொண்டிருந்தது. ஊருக்கே கேட்கும்படி, அவருக்கு மட்டும் கேட்காத இடத்தில்.

"அத்தைக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. லைன்ல நிக்கசொல்லோ யாருக்குத்தான் காது கேக்குது? எல்லாரும் கையிலதான் பேசறானுங்க. அங்க நானும் ஒன்னு, அவனும் ஒன்னு." டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "முன்னெல்லாம் கிளீனர் இருந்தான். பின்னாடி நின்னு வண்டி பாடிய தட்டுவான், கையிலயே தெரிஞ்சிடும். முதலாளி கிளீனர் வோணாம்ன்ட்டாரு. அதுக்கப்பறம்தான் பேஜாரு."

பிறகு நான் கேட்காமலே சொன்னார்.

"யார்டுல ரிவர்ஸ் எடுத்துகினு இருந்தேன். கண்ணாடில ஒரு ஆளு வாயத் தொறந்துகினு நின்னான். இன்னாத்துக்கு இந்தாளு இப்டி கொட்டாவி வுடறான்னு நெனச்சேன். அப்பால வண்டி லேசா தூக்கி எறங்குச்சு. எறங்கிப் பாத்தா அவன் சைக்கிளு. அவன் நவுந்துகினான். சைக்கிளு அப்பளம்." டீயைக் கருங்கல்மேல் வைத்தார். "புதுசா ஒன்னு வாங்கிக் குடுத்துட்டேன். கண்ண மூடுனா அந்த வாயி தெரியுதும்மா. சவுண்டே இல்லாம."

கட்டுமரம் ஒன்று அலைக்கு மேலே தெரிந்தும் மறைந்தும் போய்க்கொண்டிருந்தது. பிறகு மாமா, வேறு எதையோ பேசுவதுபோலக் கேட்டார்.

"இன்னா பழுது வண்டில?"

"ஹோஸ் பிஞ்சிருக்கு மாமா. அதுதான் கத்துது."

"கத்துதா?" அவர் முகத்தில் வந்தது உண்மையான ஆச்சரியம். வண்டியைத் திரும்பிப் பார்த்தார், இத்தனை நாள் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவரை இப்போதுதான் கவனித்ததுபோல. "அத மாத்திட்டா சவுண்டு போயிடுமா?"

"போயிடும்."

"அப்ப மாத்திடு. சவுண்டு போச்சுன்னா யாருக்கு இன்னா தெரியப்போவுது? உனக்கும் எனக்கும்தான்."

அவர் கெஞ்சவில்லை. வண்டியைப் பற்றி என் யோசனையைக் கேட்பதுபோலத்தான் சொன்னார். அவர் சொன்னது சரியும்கூட. ஒரு குழாய், ஒரு கிளாம்ப். புகையும் விசிலும் ஒன்றாகப் போய்விடும். வேறு எந்த மெக்கானிக் ஏறிப் பார்த்தாலும் அந்த வண்டியில் இனிக் குறை இருக்காது. அவருக்கும் ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அந்தக் கேபினுக்கு வெளியே அவர் பாதிப் பேச்சைத் தவறவிடும் மனிதர். கேபினுக்குள் சலாம் வாங்கும் மனிதர்.

"வண்டி சத்தம் போயிடும் மாமா" என்றேன், ஒவ்வொரு சொல்லையும் அவர் பார்க்கும்படி. "பின்னாடி நிக்கிற ஆளு கத்துறது?"

அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடித்த பிறகும் பார்த்தார். பிறகு ஆறிய டீயை மணலில் ஊற்றிவிட்டு எழுந்தார்.

கன்டெய்னரை இறக்கிவிட்டுத் திரும்பும்வரை நான் கதவுக் கண்ணாடியிலிருந்து கண் எடுக்கவில்லை. ஹாரன் கேட்டபோதெல்லாம் அவர் தோளைத் தொட்டேன். அவர் ஒவ்வொரு தடவையும் தலையசைத்தார். பட்டறைக்குள் போனதும் குழாயை நானே மாற்றினேன். போர்மேன் பழைய குழாயைக் கையில் வாங்கி, பிளவை விரலால் பிரித்துப் பார்த்துவிட்டுப் பட்டறைக்கே காட்டினார்.

"யப்பா! இந்த ஓட்டைக்கு இராயபுரம் வரைக்கும் கேட்டிருக்குமே. நம்ம மாமு இன்னான்னா, வண்டி கம்முனு கீதுன்றாரு. இன்னா மாமு, காது செவுடா?"

சிரிப்பு எழுந்தது. மாமா, வழக்கம்போல, ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லாரும் சிரிப்பது தெரிந்ததும் அவரும் சிரிக்கத் தொடங்கினார். அந்தச் சிரிப்பின் நடுவே அவர் கண் என்மேல் வந்து நின்றது. நான் சிரிக்கவில்லை.

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். வண்டிக்கு நடந்தார். செருப்பைக் கழற்றாமலே படியேறினார். எஞ்சினைக் கிளப்புவார் என்று எல்லாரும் ஒதுங்கி நின்றோம். கேபினுக்குள் அவர் அசைவது மட்டும் தெரிந்தது. பிறகு இறங்கினார். ஒரு கையில் மாதா படம், மடித்த லுங்கி, தண்ணீர் கேன். மறு கையில் சாவி. போர்மேனுக்கு நேரே வந்து சாவியை நீட்டினார்.

"முதலாளிக்குப் போன் போட்டு வேற டிரைவர அனுப்ப சொல்லு. எனக்குக் காது கேக்கல."

தேவைக்கு மேல் உரக்கச் சொன்னார். எவ்வளவு உரக்க என்று அவருக்குத் தெரிந்திருக்காது. யாரோ அதற்கும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. வெல்டிங்கும் நின்றது. போர்மேன் சாவியை வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் நின்றார். கடைசியில் வாங்கிக்கொண்டார். பிறகு வாயைத் திறந்து, மூடி, கட்டைவிரலை வாயருகே சாய்த்துக் காட்டினார்: ஒரு டீ சாப்பிட்டுவிட்டுப் போ.

மாமா தலையசைத்தார்.

அன்று சாயந்திரம் நான்தான் அவரோடு இராயபுரம் போனேன். அத்தை அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டு, முதுகைக் காட்டியபடியே, இவ்வளவு சீக்கிரம் வந்ததற்கு ஏதோ குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவளைத் திருப்பி நிறுத்திச் சொன்னேன். அவள் நம்பவில்லை. மாமாவைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிற்கவைத்து, பின்னாலிருந்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் வாய்விட்டுச் சொல்லாத பெயர். மறுபடி கூப்பிட்டாள். கத்தினாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் நின்றார்.

"அப்ப இத்தினி வருசமா நான் முதுகாண்டயா பேசிகினு இருந்தேன்?" என்றாள் அத்தை என்னிடம். கரண்டியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்னப் புடிக்காமப் பூட்ச்சுன்னு நெனச்சேன்டீ. எத்தினி தபா அழுதிருக்கேன் தெரியுமா, இந்த அடுப்பாண்ட நின்னுகினு. அதுவும் கேட்டிருக்காது அந்த ஆளுக்கு." கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கூடவே, என்னால் தெளிவாகப் பார்க்க முடிந்த ஒரு நிம்மதியும். மாமா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சொன்னதில் எவ்வளவு படித்தாரோ தெரியாது. போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுப்பில் குழம்பு அடிபிடித்துக்கொண்டிருந்தது. நான் போய் அணைத்தேன்.

மருத்துவமனைக்கு நான் கூட்டிப்போனேன். கண்ணாடி அறைக்குள் அவருக்குக் காதுகளை மூடும் கருவியை மாட்டிவிட்டு, ஒலி கேட்டால் கையைத் தூக்கச் சொல்லியிருந்தார்கள். வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு அந்த ஒலிகள் கேட்கவில்லை. மாமாவின் கை மட்டுமே தெரிந்தது. தாழ்ந்த ஒலிகளுக்குக் கை எழுந்தது. பிறகு எழவே இல்லை. அவர் கண்களை மூடிக்கொண்டு, மிகவும் முயற்சி செய்து, எங்கோ தொலைவில் போகும் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். கறுப்புப் புகை விட்டு ஏற்றத்தில் திணறிய வண்டியை அப்போது நினைத்துக்கொண்டேன். இரண்டிலும் எதுவோ சிறிதாகப் பிளந்து, அழுத்தம் வந்தால் மட்டும் திறந்து, உள்ளே போக வேண்டியதை வெளியே விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. வண்டிக்கு நான் குழாயை மாற்றிவிட்டேன்.

இப்போது நிலைமை இது. வண்டி இன்னும் ஓடுகிறது, வேறொருவர் ஓட்டுகிறார், பூஸ்ட் சரியாக இருக்கிறது, புகை இல்லை. மாமாவின் உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. அதே முதலாளியின் யார்டில் டயருக்குக் காற்றுப் பார்க்கும் வேலையில் இருக்கிறார். ஓட்டிய காலத்துக்காக இன்னும் ஏங்குகிறார், அதை மறைப்பதுமில்லை. இரண்டு காதிலும் கருவி இருக்கிறது. யார்டு இரைச்சலில் அது ரோதனை என்று கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிடுகிறார். வீட்டுக்குள் நுழையும்போது மாட்டிக்கொள்கிறார். ஆனாலும் அத்தை நம்புவதில்லை. எதைச் சொல்வதாக இருந்தாலும் அடுப்பைத் தணித்துவிட்டு, முன்னறைக்கு வந்து, அவருக்கு நேரே நின்றுதான் சொல்கிறாள்.